ரேடியோ ஃப்ரீ யூரோப்: 1981 சிங்கிளா, 1983 ஆல்பமா?

இழையைத் தொடங்கிய வாசகர் | 4 அக்டோபர் 2025, காலை

அமெரிக்க ராக் குழு ஆர்.ஈ.எம். என்றால் எனக்கு 'லூசிங் மை ரிலிஜன்' மட்டும்தான் தெரியும். அவர்களுடைய முதல் சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு) 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' என்று கேள்விப்பட்டு நேற்று தேடிக் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. அடுத்த அறையில் யாரோ வாசிப்பது போல ஒரு மங்கல் வேறு. இதைப் போய் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பாதுகாத்து வைத்திருக்கிறதாம். குழு பெரிய ஆளான பிறகு பழசுக்கு மாலை போட்ட கதைதானே இது? விஷயம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

4 அக்டோபர், இரவு

இல்லை தம்பி. மாலை அப்போதே விழுந்துவிட்டது. 1981 ஜூலையில் வந்த சிங்கிள், முதலில் அச்சானதே ஆயிரம் பிரதி. அந்த வருடக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் போட்ட சிறந்த பத்து சிங்கிள் பட்டியலில் இது இருந்தது. அன்று இவர்களை ஜார்ஜியா மாநிலத்துக்கு வெளியே தெரிந்தவர்கள் குறைவு. ஆல்பம் கிடையாது, பெரிய கம்பெனி கிடையாது, தொலைக்காட்சியில் முகம் காட்டியது கிடையாது. பின்னால் வந்த புகழ் முன்னால் போய் வேலை செய்ய முடியாது இல்லையா.

அதற்கு முன் ஒரு கேள்வி. நீங்கள் கேட்டது எந்தப் பதிவு? இரண்டு இருக்கிறது. 1981-இல் ஹிப்-டோன் என்ற சின்ன லேபிளில், அதாவது இசைத்தட்டு கம்பெனியில், வந்தது ஒன்று. 1983-இல் 'மர்மர்' ஆல்பத்துக்காகத் திரும்பப் பதிந்தது இன்னொன்று. ஆரம்பத்தில் ஏதோ மின்சார இரைச்சல் விட்டு விட்டு வந்தால் அது மர்மர். நேரே டிரம்மில் புறப்பட்டால் ஹிப்-டோன். பாடல் தளங்களில் தேடினால் பெரும்பாலும் மர்மர்தான் முதலில் வந்து நிற்கும்.

5 அக்டோபர், காலை

மர்மர்தான் கேட்டிருக்கிறார். நினைத்தேன். அப்படியென்றால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதானே, நேரம் இருக்கிறது.

ஏதென்ஸ் என்பது ஜார்ஜியாவில் ஒரு பல்கலைக்கழக ஊர். கிதார் வாசிக்கும் பீட்டர் பக் அங்கே உக்ஸ்ட்ரி என்ற இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார். பாடகர் மைக்கேல் ஸ்டைப் ஓவியம் படிக்க வந்த மாணவர். அந்தக் கடைக்கு வரப்போக இருவரும் பழகினார்கள். பாஸ் கிதார் வாசிக்கும் மைக் மில்ஸும் டிரம்மர் பில் பெரியும் மேக்கன் ஊரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஏற்கெனவே சேர்ந்து வாசித்துப் பழகிய கை. நால்வரும் சேர்ந்து முதலில் மேடையேறியது 1980 ஏப்ரல் 5 அன்று, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில் நடந்த பிறந்தநாள் விருந்தில்.

இந்த விருந்து விஷயத்தை மனதில் வையுங்கள். இவர்கள் ஆரம்பத்தில் குடித்துவிட்டு ஆட வந்த கூட்டத்துக்கு வாசித்த குழு. ஆட்டம் நின்றால் கூட்டம் கலையும். அதனால் எல்லாப் பாட்டும் வேகம். ஹிப்-டோன் பதிவில் கேட்பது அந்த வேகம்தான்.

1981 பிப்ரவரியில் ஒரு ஸ்டுடியோவில் எட்டுப் பாட்டு பதிந்தார்கள். திருப்தி இல்லை. பிறகு ஏப்ரல் 15 அன்று வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் ஊருக்குப் போனார்கள். மிட்ச் ஈஸ்டர் என்பவர் தன் பெற்றோர் வீட்டு கார் ஷெட்டை ஸ்டுடியோவாக்கி வைத்திருந்தார். பெயர் டிரைவ்-இன் ஸ்டுடியோ. கார் ஷெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அங்கே மூன்று பாட்டு: 'ரேடியோ ஃப்ரீ யூரோப்', 'சிட்டிங் ஸ்டில்', 'ஒயிட் டொர்னாடோ'.

இதை வெளியிட முன்வந்தவர் ஜானி ஹிபர்ட். அட்லாண்டாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், தானும் பாடுபவர். ஹிப்-டோன் அவருடைய லேபிள். சட்டம் படிப்பவர் இல்லையா, தட்டில் வந்த இரண்டு பாட்டின் பதிப்புரிமையும் தனக்கு வருவதுபோல ஒப்பந்தம் போட்டார். குழுவுக்கு அப்போது ஒரு தட்டு கையில் வந்தால் போதும் என்ற நிலை. கையெழுத்துப் போட்டார்கள்.

பதிந்த குரலையும் கருவிகளையும் அளவாகச் சேர்க்கும் மிக்ஸிங்கில்தான் தகராறு. ஈஸ்டர் ஒரு மிக்ஸ் செய்தார். குழுவுக்கு அது பிடித்திருந்தது. ஹிபர்ட் வந்து உட்கார்ந்து வேறொன்று செய்தார். பணம் போடுகிறவர் அவர், அவருடையதே வெளிவந்தது. அப்புறம் தட்டு அச்சாவதற்கு முந்தைய மாஸ்டரிங்கிலும் சப்தம் மங்கிப்போனது. பீட்டர் பக்குக்கு வந்த எரிச்சலில், தன் கையில் கிடைத்த பிரதி ஒன்றை உடைத்து வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்தார். முதல் தட்டு வந்தால் நாமெல்லாம் சாமி படத்துக்கு முன் வைப்போம்.

5 அக்டோபர், மதியம்

பிப்ரவரிப் பதிவு எந்த ஸ்டுடியோ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெயர் பம்பாய் ஸ்டுடியோஸ். உடனே "அப்போ நம்ம ஊருக்கு வந்தாங்களா" என்று அடுத்த பதிலில் இன்னொருவர். இல்லை. அது ஜார்ஜியாவில் ஸ்மர்னா என்ற ஊரில் இருந்தது. ஸ்மர்னாவும் துருக்கியில் இல்லை, ஏதென்ஸும் கிரேக்கத்தில் இல்லை. அந்த மாநிலத்தில் ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் உலக வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் போல.

5 அக்டோபர், இரவு

வார்த்தை புரியாத விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு ஆழமான விளக்கங்கள் நிறைய உண்டு. ஸ்டைப் அந்தக் காலத்திலேயே ஒரு பேட்டியில் சொன்னது ரொம்ப எளிமையானது: வார்த்தைகளையே இன்னும் எழுதி முடிக்கவில்லை, அதனால் சிங்கிள் முழுக்க ஏதோ உளறி வைத்தேன், யாருக்கும் புரியக்கூடாது என்றும் நினைத்தேன். இந்த இரண்டு காரணத்தில் எது முந்தியது என்பது அவரவர் நம்பிக்கை. எனக்கென்னவோ முதல் காரணம்தான் அசல், இரண்டாவது பிறகு சேர்ந்தது என்று படுகிறது.

நம் சினிமாவில் இசையமைப்பாளர் மெட்டைத் தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார், கவிஞர் அதற்குள் சொல்லை உட்கார வைப்பார். இங்கே கவிஞர் வந்து சேர்வதற்குள் தட்டு வெளியாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று, தத்தகாரம் பாடுகிறவருக்கு எந்த இடத்தில் நெடில் வேண்டும், எங்கே வல்லினம் இடிக்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரியும். பொருள் என்ற சுமை இல்லாததால் குரல் தாளத்தோடு ஒட்டி ஓடும். ஹிப்-டோன் பதிவில் ஸ்டைப்பின் குரல் அப்படித்தான் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. பல்லவியில் பாட்டின் பெயர் மட்டும் தெளிவாக வந்து விழும். அது போதும், கூட்டம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

6 அக்டோபர், காலை

"அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் உளறி ஹிட் கொடுக்கலாமே" என்று ஒரு பதில்.

கொடுக்கலாம். மில்ஸ் மாதிரி பாஸ் வாசிக்க ஆள் வைத்துக்கொண்டு.

6 அக்டோபர், இரவு

இதைச் சும்மா சொல்லவில்லை. கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்தபோது எங்களுக்கு ஒரு குழு இருந்தது. நான் பாஸ். குழு என்றால் கடன் வாங்கிய கிதாரும், ஆடிட்டோரியத்தில் பூட்டி வைத்திருந்த டிரம் செட்டும். 1988-இல் வந்த 'எப்போனிமஸ்' தொகுப்பின் கேசட் பிரதி ஒன்று சீனியர் ஒருவர் மூலம் கிடைத்தது. அதில் இருப்பது ஹிப்-டோன் பதிவு. மர்மர் பிறகுதான் கேட்டேன். எனவே என் காது எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே நான் சொல்வதைப் படியுங்கள்.

பாஸ் கற்க உட்கார்ந்தபோதுதான் இந்தப் பாட்டின் எலும்பு புரிந்தது. பொதுவாக பாஸ் தரையில் நிற்கும், கிதார் மேலே விளையாடும். இங்கே கிதார் கம்பி கம்பியாகப் பிரித்து மீட்டிக்கொண்டு பின்னணியில் சலசலக்கிறது. மெட்டை முன்னால் இழுத்துக்கொண்டு போவது மில்ஸின் பாஸ். பெரி டிரம்ஸில் அலங்காரமே கிடையாது. நேர் அடி. கிதார் தனி ஆவர்த்தனம் என்று ஒன்று வரவே வராது. அந்தக் காலத்து ராக் பாட்டில் அது இல்லாமல் நாலு நிமிடம் ஓட்டுவது சாதாரணம் இல்லை.

கலைவிழாப் போட்டியில் இதை வாசித்தோம். ஒத்திகையில் எங்கள் டிரம்மர் மர்மர் வேகத்தில் போனான். "இதுதான் கம்பீரமா இருக்கு மச்சான்" என்றான். மேடையில் பதற்றத்தில் தன்னையறியாமல் வேகம் கூடிவிட்டது. பின்வரிசை எழுந்தது அதனால்தான். பாடியவன் வரிகள் கிடைக்காமல் தானாக ஏதோ ஒலிகளைக் கோத்துப் பாடினான். நடுவர் குறிப்பில் எங்களுக்கு இரண்டாம் இடம், "ஆங்கில உச்சரிப்பு நன்று" என்று ஒரு வரியும் இருந்தது.

7 அக்டோபர், காலை

நேற்றைய பதிவுக்குக் கீழே எல்லோரும் உச்சரிப்பு ஜோக்கிலேயே நின்றுவிட்டீர்கள். கேள்வி வரவேற்பைப் பற்றியது.

ஆயிரம் பிரதியில் அறுநூறு விற்பனைக்கே வரவில்லை. வானொலிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் இலவசமாகப் போனது. அதிலும் ஒரு கூத்து: முதல் அச்சின் பெரும்பாலான பிரதிகளில் லேபிளின் முகவரி இல்லை. பிடித்துப்போய் இன்னொன்று வேண்டும் என்பவர் யாருக்கு எழுதுவார்? பிறகு முகவரியோடு மேலும் ஆறாயிரம் அடித்தார்கள்.

இது பரவியது கல்லூரி வானொலிகளால். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் சொந்தமாகச் சின்ன அலைவரிசை வைத்திருக்கும். மாணவர்களே நடத்துவார்கள், விளம்பரதாரர் தொல்லை கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கு யார் எதைப் போட்டாலும் கேட்க ஆள் இல்லை. வணிக வானொலி தொடாத தட்டு அங்கே சுற்றும். ஆர்.ஈ.எம். ஒரு வேனில் ஏறி ஊர் ஊராகப் போனதும் அதே ஊர்களுக்குத்தான். வானொலியில் கேட்டவன் அடுத்த மாதம் பீட்சா கடையில் நேரில் பார்த்தான். காங்கிரஸ் நூலகம் 2010-இல் இந்தப் பாட்டைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தபோது சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுவே: கல்லூரி வானொலி வழியாக உடைத்துக்கொண்டு வந்து, பின்னால் வந்த சுயாதீனக் குழுக்களுக்குப் பாதை போட்டது. பதிவேட்டில் இருக்கும் ஆண்டு 1981. கவனியுங்கள், 1983 இல்லை.

7 அக்டோபர், மதியம்

வணிக வானொலி தொடாத பாட்டுக்கு வானொலியின் பெயர்.

8 அக்டோபர், இரவு

கோப்லண்ட் குடும்பத்தைப் பற்றி யாரோ கேட்டார்கள். இது கிளைக்கதைதான், ஆனால் விடமாட்டேன்.

டிரம்மர் பில் பெரி ஏதென்ஸுக்கு வருவதற்கு முன் மேக்கனில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்தில் எடுபிடி வேலை பார்த்தார். அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தவர் இயன் கோப்லண்ட். அவருடைய தம்பி ஸ்டூவர்ட், 'தி போலீஸ்' குழுவின் டிரம்மர். அண்ணன் மைல்ஸ், ஐ.ஆர்.எஸ். என்ற லேபிளின் முதலாளி. இயன் பிறகு தொடங்கிய நிறுவனத்தின் சுருக்கப் பெயர் எஃப்.பி.ஐ. போலீஸ், எஃப்.பி.ஐ., ஐ.ஆர்.எஸ். என்ற அமெரிக்க வருமான வரித்துறை. சகோதரர்கள் சேர்ந்து அரசாங்கத்தையே நடத்தினார்கள்.

இதில் உச்சம் இவர்களுடைய தந்தை. அவர் நிஜமாகவே சி.ஐ.ஏ. அதிகாரி, அந்த அமைப்பு தொடங்கிய காலத்து ஆள். ரேடியோ ஃப்ரீ யூரோப் என்ற அசல் வானொலி நிலையம் 1950-இல் கம்யூனிச நாடுகளுக்கு ஒலிபரப்பத் தொடங்கியது. 1970-களின் தொடக்கம் வரை அதற்குப் பணம் கமுக்கமாகப் போனது சி.ஐ.ஏ.விடமிருந்து. அந்தப் பெயரில் ஒரு பாட்டு, அதை 1983-இல் மறுபடி வெளியிட்டது சி.ஐ.ஏ. அதிகாரியின் மகன் நடத்திய லேபிள்.

சதிக்கோட்பாடு எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள். இது தற்செயல். ஆனால் பெரி மூலம் வந்த அறிமுகம் தற்செயல் இல்லை. சிங்கிள் வருவதற்கு முன்பே, 1980 டிசம்பரில், அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில் போலீஸ் குழுவுக்கு முன்னோட்டமாக வாசிக்கும் வாய்ப்பு இவர்களுக்குக் கிடைத்தது. 1982 மே மாதம் ஐ.ஆர்.எஸ். ஒப்பந்தம். "ஆயிரம் தட்டு அடித்தான், உலகம் திரும்பிப் பார்த்தது" என்று தேவதைக் கதையாகச் சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். தட்டு நல்ல தட்டு, சரி. அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க ஒரு கதவும் தெரிந்திருந்தது.

9 அக்டோபர், காலை

அசல் வானொலி நிலையத்தின் மியூனிக் தலைமையகத்தில் 1981 பிப்ரவரியில் குண்டு வெடித்தது, பாட்டு அதைப் பற்றியதா என்று ஒரு கேள்வி. வெடித்தது உண்மை. பாட்டில் மியூனிக்கும் இல்லை, குண்டும் இல்லை. கேட்டுப் பாருங்கள், வேறு எதுவும்கூட இல்லை.

10 அக்டோபர், இரவு

மர்மர் பதிவைக் குறைத்துப் பேசுகிறேன் என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அது எப்படி உருவானது என்பதையும் சொல்லிவிட்டால் நியாயமாக இருக்கும்.

ஆல்பத்துக்கு ஐ.ஆர்.எஸ். முதலில் கைகாட்டியது ஸ்டீபன் ஹேக் என்ற தயாரிப்பாளரை. திறமைசாலி, பின்னாளில் பெரிய பாப் தட்டுகள் செய்தவர். 'கேட்டபல்ட்' என்ற பாட்டை வைத்துச் சோதனைப் பதிவு. திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார், தாளம் பிசகக்கூடாது என்று கிளிக் டிராக், அதாவது சீராகத் தட்டும் ஒலி, ஓட்டினார். பெரிக்கு மனமே உடைந்தது. முடிந்த பதிவை பாஸ்டனுக்குக் கொண்டுபோய் அதன்மேல் சிந்தசைசரும் ஏற்றினார். கேட்டுவிட்டுக் குழு லேபிளிடம் போய் நின்றது: எங்களுக்கு மிட்ச் ஈஸ்டரே வேண்டும்.

ஈஸ்டர் தன் நண்பர் டான் டிக்ஸனையும் சேர்த்துக்கொண்டார். 1983 தொடக்கத்தில் ஷார்லட் நகரின் ரிஃப்ளெக்ஷன் சவுண்ட் ஸ்டுடியோவில் பதிவு. கார் ஷெட் இல்லை, நிஜமான ஸ்டுடியோ. இவர்கள் போட்ட விதிகள்: கிதார் தனி ஆவர்த்தனம் கூடாது, காலத்துக்கு ஏற்ற சிந்தசைசர் கூடாது. ஸ்டைப் விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நின்று பாடினார். பழைய சிங்கிளைத் திரும்பப் பதியச் சொன்னது லேபிள்தான்.

இப்போது தம்பி கேட்ட அந்த ஆரம்ப இரைச்சல். எங்கிருந்தோ நுழைந்துவிட்ட மின் இரைச்சலை அழிக்காமல், மில்ஸின் பாஸோடு தாளம் சேரும்படி விட்டு விட்டு ஒலிக்கச் செய்து முகப்பாக்கினார்கள். சிற்றலை வானொலியில் நிலையம் தேடும்போது வரும் கரகரப்பு மாதிரி இருக்கும். வீட்டில் பிபிசி தமிழோசை பிடிக்கக் குமிழைத் திருகிய தலைமுறைக்கு அது உடனே பிடிபடும். அசல் ரேடியோ ஃப்ரீ யூரோப்பின் ஒலிபரப்பை மறைக்க சோவியத் அணி நாடுகள் அதே அலைவரிசையில் இரைச்சலை அள்ளிக் கொட்டின. அதை யோசித்துச் செய்தார்களோ இல்லையோ, பெயருக்குப் பொருத்தமான முகப்பு. ஹிப்-டோனில் இல்லாத ஒரே நல்ல விஷயம் என்று இதைச் சொல்வேன்.

11 அக்டோபர், காலை

"ஒரே" என்று எழுதியதைத் தளர்த்துகிறேன். நேற்று இரவு நல்ல ஹெட்ஃபோனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். மர்மரில் பாஸ் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுகிறது. நான் கல்லூரியில் குத்துமதிப்பாக வாசித்த ஓர் இறக்கம் உண்மையில் என்ன என்பது இப்போதுதான் விளங்கியது. டிரம்ஸும் வறண்டு, பக்கத்தில் இருக்கிறது. அதே காலத்து மற்ற தட்டுகளில் டிரம்ஸ் குகைக்குள் இடி இடித்த மாதிரி எதிரொலிக்கும். அந்த ஒப்பனை இல்லாததால் மர்மர் இன்றும் பழசாகவில்லை.

ஆனால் வேகம் குறைந்தது குறைந்ததுதான். நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும் பாட்டாகிவிட்டது. ஸ்டைப்பும் வார்த்தைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாடுகிறார். கவனித்தும் புரியவில்லை என்பது வேறு.

11 அக்டோபர், மாலை

"78-ஆவது இடம்தான் வந்தது, ஃபிளாப்" என்று ஒருவர். ஆமாம், அமெரிக்காவின் பிரபலப் பாட்டு வரிசையான பில்போர்டு 100 பட்டியலில் 1983 பதிப்பு 78-ஐத் தாண்டவில்லை. ஆல்பம் 36 வரை ஏறியது. அதே வருடம் வெளிநாட்டுப் பட்டியல்களையெல்லாம் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' விழுங்கிக்கொண்டிருந்தபோது, ரோலிங் ஸ்டோன் விமர்சகர்கள் வருடத்தின் சிறந்த ஆல்பமாக மர்மரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் மர்மர் த்ரில்லரைவிட உயர்ந்தது என்று ஆகிவிடாது. எனக்கே த்ரில்லர் அதிகம் பிடிக்கும், சொல்லப்போனால். ஆனால் 78-ஐ வைத்து இந்தக் குழுவை அளந்திருந்தால் ஐ.ஆர்.எஸ். அடுத்த வருடமே கடையைக் கட்டச் சொல்லியிருக்கும். சொல்லவில்லை. 1983 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் மறுபடி போலீஸ் குழுவுக்கு முன்னோட்டம். அக்டோபர் 6 அன்று டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் முதல் தேசியத் தொலைக்காட்சி மேடை. இந்தப் பாட்டைத்தான் வாசித்தார்கள். அடுத்து இன்னும் பெயரே வைக்காத ஒரு புதுப் பாட்டு. பேட்டி எடுக்க லெட்டர்மன் வந்தபோது ஸ்டைப் பேசாமல் பின்னால் போய் உட்கார்ந்துவிட, பக்கும் மில்ஸும் சமாளித்தார்கள். காணொளி கிடைக்கிறது, பாருங்கள். அதில் வேகத்தைக் கவனியுங்கள். ஆல்பத்தில் நடந்த பாட்டு மேடையில் மறுபடி ஓடுகிறது. என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

12 அக்டோபர், காலை

மர்மர் பதிவுக்கு வந்த இசைக் காணொளியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஹோவர்ட் ஃபின்ஸ்டர் என்று ஜார்ஜியாவில் ஒரு கிழவர், மதபோதகர், கனவில் கட்டளை வந்ததாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் ஓவியம் வரைந்தவர். சைக்கிள் உதிரிபாகம், உடைந்த கண்ணாடி, பொம்மை என்று கிடைத்ததையெல்லாம் வைத்து வீட்டைச் சுற்றி 'பாரடைஸ் கார்டன்' என்று ஒரு தோட்டம் கட்டினார். நால்வரும் அங்கே சும்மா சுற்றி வருவார்கள். கடைசியில் ஒரு பொம்மை சரிவில் உருண்டு வரும். பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கேட்காதீர்கள். அடுத்த ஆல்பத்தின் அட்டைப்படத்தில் ஃபின்ஸ்டரின் கை உண்டு.

13 அக்டோபர், இரவு

கேள்வி கேட்ட தம்பி ஹிப்-டோன் பதிவைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார்: "அண்ணே, இது நல்லா இருக்கு, ஆனா சவுண்ட் இன்னும் மோசம்." சரியாகப் பிடித்திருக்கிறார். பக் தட்டை உடைத்ததும் அதற்காகத்தான். வாசித்தவர் காதில் கார் ஷெட்டில் கேட்ட சப்தம் இருந்தது, தட்டில் அது வரவில்லை. நியூயார்க்கில் உட்கார்ந்திருந்த விமர்சகர் கார் ஷெட்டைக் கேட்டதில்லை. அவருக்கு வந்தது ஒரு மங்கலான, வேகமான, என்ன சொல்கிறது என்றே பிடிபடாத ஏழு அங்குலத் தட்டு. அதுதான் அவரைத் திரும்பப் போட வைத்தது. ஈஸ்டரின் தெளிவான மிக்ஸ் வந்திருந்தால் பட்டியலில் இடம் பிடித்திருக்குமா? பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பாட்டு அப்படி. ஆனால் பிரதியைத் தேடி அலைந்த கூட்டம் இவ்வளவு பித்துப் பிடித்து அலைந்திருக்குமா என்பது சந்தேகம்.

இன்னொன்று. ஹிபர்ட்டை வில்லனாக்கிச் சில பதில்கள் வந்திருக்கின்றன. எனக்கு உடன்பாடில்லை. உரிமையை வாங்கிக்கொண்டது கடுமையான ஒப்பந்தம்தான். அது பிறகு அவரிடமிருந்து விலை கொடுத்துத் திரும்ப வாங்கப்பட்டது. ஆனால் அந்த ஏப்ரலில் இவர்களுக்குத் தட்டு போடத் தயாராக வரிசையில் யார் நின்றார்கள்?

15 அக்டோபர், காலை

புதுசாக வந்து படிப்பவர்களுக்கு: 2025-இல் இந்தப் பாட்டு மறுபடி வெளியானது. அமெரிக்க அரசு ரேடியோ ஃப்ரீ யூரோப் நிலையத்துக்கான நிதியை நிறுத்தப் பார்த்தது மார்ச்சில். நிலையத்துக்கு 75 ஆண்டு நிறைவு வேறு. மே மாதம் குழு ஒரு சிறு தொகுப்பை வெளியிட்டு, அதன் இசைத்தட்டு விற்பனை வருமானம் நிலையத்துக்கு என்று அறிவித்தது. ஜாக்நைஃப் லீ செய்த புது ரீமிக்ஸ், கூடவே ஹிப்-டோன் பதிவுகள், ஈஸ்டர் 1981-இல் விளையாட்டாகச் செய்த 'ரேடியோ ஃப்ரீ டப்' என்ற மாற்று மிக்ஸ். நிலையத்தைப் பற்றி ஒரு வரியும் சொல்லாத பாட்டு, நாற்பத்து நான்கு வருடம் கழித்து அந்த நிலையத்துக்குக் காசு திரட்டிக் கொடுக்கிறது.

ரீமிக்ஸ் எனக்கு ஒட்டவில்லை. டப் வேடிக்கையாக இருக்கிறது, ஒருமுறைக்கு மேல் கேட்க மாட்டேன்.

15 அக்டோபர், இரவு

தம்பி, அடுத்து என்ன கேட்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். தட்டைத் திருப்பிப் போடுங்கள். அதே ஏப்ரல் 15-இல் பதிந்த 'சிட்டிங் ஸ்டில்' பின்பக்கம். அதிலும் ஒரு வார்த்தை புரியாது. எனக்கு முன்பக்கத்தைவிட அது ஒரு மாற்று கூடுதலாகவே பிடிக்கும், ஆனால் அதைப் பற்றி இங்கே தொடங்கினால் மர்மர் கட்சிக்காரர்கள் மறுபடி வருவார்கள். தனி இழை போடுங்கள், வருகிறேன்.